ஆபத்து எல்லைக்குள் ஓர் எம்.டி.

மனித உயிரைவிட மேலானது இந்த உலகில் எதுவுமே இல்லை. இந்த மகத்தான உண்மையை முதலில் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் கண்டுபிடித்தது தானேதான் என்ற முகத்தோடு தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர் ஒருவர் உண்டு. வீட்டுக்கு வேண்டிய மின்கருவிகளை விற்கும் கம்பெனி ஒன்றில், கருவியோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைக்கும் கையேட்டை எழுதுவது அவர் வேலை. அதை யாரும் படிப்பதில்லை. பெட்டியைத் திறந்ததும் கையேட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் மேலான மனித உயிர்கள் சாமானைத் தேடுகின்றன.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் உழைத்து எழுதுவார். வரிக்கு வரி 'எச்சரிக்கை' என்று ஆரம்பித்து, பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டு, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறியை நிறுத்திவைப்பார். இஸ்திரிப் பெட்டிக்கு, 'எச்சரிக்கை: உடலில் அணிந்திருக்கும் சட்டையை இஸ்திரி போடாதீர்கள்' என்று எழுதியவர் அவர்தான். டார்ச் லைட்டுக்கு, 'எச்சரிக்கை: இருட்டில் பயன்படுத்தும்போது கூடுதல் கவனம் தேவை' என்று எழுதியதும் அவரே. ஆபீஸில் அவருக்கு 'எச்சரிக்கை' என்று பேர் வைத்தார்கள். வயதுக்கும் கழுத்து டைக்கும் மரியாதை கொடுத்து அது 'எச்சரிக்கையார்' ஆயிற்று. கிண்டல் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டில் ஸ்டூல் மேல் ஏறுவதென்றால் ஒருவர் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும். பிடிப்பவர் செருப்பு போட்டிருக்க வேண்டும். பல்பு மாற்றுவதென்றால் அதற்கு முன்னால் ஒரு சிறு உரை உண்டு. இதனால் அவர் மனைவி, வீட்டில் நடக்க வேண்டிய காரியங்களையெல்லாம் அவர் குளிக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிவைத்துவிட்டாள். அவர் நிதானமாகக் குளிப்பவர். குடும்பம் ஓடியது அதனால்தான்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரு பதவி குறுக்கே வந்தது. கம்பெனியில் புதிதாகப் பாதுகாப்புத் துறை என்று ஒன்று ஆரம்பிக்கப்போவதாகவும், அதற்குத் தலைவர் ஒருவரைப் போடப்போவதாகவும் எம்.டி. அறிவித்தார். எச்சரிக்கையாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த நாற்காலி பிறவியிலேயே தனக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எம்.டி.க்குத் தெரிய வேண்டியதுதான் பாக்கி. போட்டிக்கு ஒரே ஓர் ஆள், விளம்பரப் பிரிவு அம்மணி. புதிதாக வந்திருந்த, பேட்டரியில் ஓடும் ஏர் கம்ப்ரசருக்கு அந்த அம்மணி ஒரு வீடியோ எடுத்திருந்தாள். அதில் உயரமான செருப்பு போட்ட ஒரு பெண், சிரித்துக்கொண்டே ஒரு விரலால் பொத்தானை அழுத்துகிறாள். டயர் நிறைகிறது. பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியும் சிரிக்கிறது.

"நாய் இருக்கு, பாதுகாப்பு எங்க இருக்கு?" என்று எச்சரிக்கையார் எம்.டி.யிடம் கேட்டார். தன் ஜென்மத்திலேயே பேசிய மிகக் கூர்மையான வாக்கியம் அது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

எம்.டி., தன் அப்பா ஆரம்பித்த கம்பெனியை மூடாமல் வைத்திருப்பதே பெரிய சாதனை என்று நம்புகிறவர். கருப்புக் கோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது. கோட்டில்லாமல் வந்தால் வாசல் காவலாளி, யார் வேண்டும் என்று கேட்பான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் எச்சரிக்கையாரின் கையேட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பேப்பர்ல எல்லாருமே பாதுகாப்பாத்தான் இருக்காங்க," என்றார். "ஞாயித்துக்கிழமை வியாபாரிகள் கூட்டத்துல பேசப் போறேன். உங்க வீட்டு வழிதான். நிறுத்திட்டு வரேன். நீங்களே இந்த மெஷினை எடுத்து நேர்ல செஞ்சு காட்டுங்க. நல்லா இருந்தா அன்னிக்கே முடிவு பண்ணிடலாம்."

எச்சரிக்கையார் அந்த 'முடிவு பண்ணிடலாம்' என்பதை பஸ்ஸில் வீடு வரைக்கும் மென்றுகொண்டே வந்தார்.

அவர் அந்தக் கம்ப்ரசருக்கு எழுதிய எச்சரிக்கைகளில் ஒன்றும் தப்பில்லை. அதுதான் இந்தக் கதையின் வருத்தம். கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் டயரில் காற்று ஏற்றாதே என்று எழுதியிருந்தார். ஓடும்போது விட்டுவிட்டு நகராதே, ஒரு டயர் முடிந்ததும் மெஷினைக் கொஞ்ச நேரம் ஆறவிடு, வேலை முடிந்ததும் தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றைத் திறந்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றிவை என்றெல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நாலாவது எச்சரிக்கை. 'காற்றை ஒருபோதும் உடலின் மீதோ உடையின் மீதோ செலுத்தாதீர்கள்.'

நாலாவதின் மேல் அவருக்குத் தனிப் பாசம். ஒரு தடவை பேக்கிங் பிரிவில் ஓர் ஆள், சட்டையில் ஒட்டிய தெர்மகோல் பொடியைக் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதிவிட்டான். எச்சரிக்கையார் அவனுக்கு வேலைநீக்கம் கேட்டார். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். விட்டதை ஈடுகட்ட, பேக்கிங் பிரிவு முழுவதையும் நிற்கவைத்து ஒரு சொற்பொழிவு நடத்தினார்.

"காத்துதானேன்னு நினைக்காதீங்க. தோல் வழியா உள்ள பூந்துடும். இன்னிக்குச் சட்டை. நாளைக்குக் கண்ணு. நாளன்னிக்கு?" என்று நிறுத்தி, எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"லீவு சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சனிக்கிழமை கம்ப்ரசர் வீட்டுக்கு வந்தது. சின்ன சூட்கேஸ் அளவு. அடியில் ஒரு குட்டிக் காற்றுத் தொட்டி, ஒரு பக்கம் பேட்டரி, சுருட்டிவைத்த குழாய். குழாயின் நுனியில் டயருக்கு ஒரு பிடிப்பு. அதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள, தூசி ஊதுவதற்கு நீளமான ஒரு மூக்கு. எச்சரிக்கையார் அதை நடுக்கூடத்தில் வைத்துச் சுற்றி வந்தார்.

"ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"போட்டுப் பாக்கிறதுக்கு என்ன இருக்கு? எழுதினவனே நான்."

"எழுதினீங்க. போட்டீங்களா?"

"சமையல் புத்தகம் எழுதுறவங்க எல்லாம் சாப்பிட்டுட்டா எழுதுறாங்க?"

"ஆமாங்க," என்றாள் அவள்.

அவர், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது, ஒத்திகையில் வீணாக்கக் கூடாது என்று பொதுவாகச் சுவரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். வாசலில் மச்சினனின் கார் நின்றது. மனைவியின் தம்பி, சனி ஞாயிறு அக்கா வீட்டில் தூங்கிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தவன். எச்சரிக்கையாருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. விபத்துப் புள்ளிவிவரங்களைப் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வந்ததாகச் சொல்வார்.

மச்சினன் மத்தியானத் தூக்கம் கலைந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, அவன் கார் முன்னைவிடக் குட்டையாக இருந்தது. எச்சரிக்கையார் நாலாவது சக்கரத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார். உஸ்ஸென்று சத்தம்.

"அத்தான், என்ன பண்றீங்க?"

"நாளைக்குச் செஞ்சு காட்டணும்ல மாப்ளே. டயர்ல காத்து இருந்தா எப்படிக் காத்து அடிக்கிறது?"

"சரி. ஒரு டயர் போதாதா?"

"இங்கதான் நீ தப்பு பண்றே," என்று எச்சரிக்கையார் எழுந்து முழங்காலைத் தட்டினார். "ஒண்ணு மட்டும் இறங்கினா வண்டி ஒரு பக்கமாச் சாயும். சாய்ஞ்ச வண்டி பாதுகாப்பு கிடையாது. நாலையும் இறக்கினா வண்டி மட்டமா நிக்கும்."

மச்சினன் காரைப் பார்த்தான். மட்டமாகத்தான் நின்றது. மறுபடி அவரைப் பார்த்தான்.

"அக்கா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "அத்தான் எப்பக்கா குளிப்பாரு?"

"இன்னிக்குக் காலையிலேயே குளிச்சிட்டாருடா. நானும் அதை நினைச்சுத்தான் உக்காந்திருக்கேன்."

அதோடு முடியவில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் நெருங்கக் கூடாது என்பதற்காகக் காரைச் சுற்றி ஓர் எல்லை வேண்டியிருந்தது. மனைவி கொடியில் கிடந்த நைலான் கயிற்றைக் கொண்டுவந்தாள். கயிறு காலில் தடுக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். ஒரு பெட்டி வெள்ளைச் சாக்பீஸை வாங்கி, அம்மிக்குழவியை எடுத்து இடிக்கப் போனார். குழவி கையை நசுக்கும் என்று தோன்றவே, மனைவியை இடிக்கச் சொன்னார். அந்தப் பொடியைக் காரைச் சுற்றி விரலகலத்துக்குத் தாராளமாகத் தூவி, முன்பக்கத்தில் 'ஆபத்து எல்லை' என்று பொடியாலேயே எழுதினார். எழுத்து அழகாக வந்திருந்தது. அன்று ராத்திரி ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

ஞாயிறு காலையில் எம்.டி. வந்தார். டிரைவர் அவரை இறக்கிவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவதாகப் போய்விட்டான். எம்.டி. ஒரு காதில் போனோடு கேட்டைத் திறந்து வந்தார். வாசலில் ஓர் உருவம் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது. தலையில் ஹெல்மெட். கண்ணில் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி. கழுத்தில் தொங்கும் காதடைப்பான். தோல் கையுறை முழங்கை வரை. காலில் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ்.

"யாருங்க இது?" என்றார் எம்.டி. போனை இறக்கிக்கொண்டு.

"நான்தான் சார்."

"நிலாவுல டயர் பஞ்சராம் சார், அதான் கிளம்பிட்டாரு," என்றான் கிண்டலை விட்டால் வேறு வேலை இல்லாத மச்சினன், வாசற்படியில் உட்கார்ந்தபடியே.

எச்சரிக்கையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதவி எட்டும் தூரத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கும்போது மச்சினன்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கையேட்டைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்கிற குரலில் ஒவ்வோர் எச்சரிக்கையாகப் படித்தார். எம்.டி. போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வந்ததும் எச்சரிக்கையார் குரலை ஏற்றினார்.

"காற்றை ஒருபோதும் உடலின் மீதோ உடையின் மீதோ செலுத்தாதீர்கள். கண்ணுக்கு நிரந்தரச் சேதம் நேரலாம்."

"நல்ல பாயிண்ட்," என்றார் எம்.டி. தலை நிமிராமல்.

அந்த 'நல்ல பாயிண்ட்' எச்சரிக்கையாருக்கு நடுமுதுகில் ஜில்லென்று இறங்கியது. படித்து முடித்து, காதடைப்பானைக் காதில் ஏற்றி, எல்லைக்குள் காலை வைத்தார். முன்சக்கரத்தின் வால்வு மூடியைக் கையுறையோடு கழற்ற முயன்று, இரண்டு தடவை நழுவவிட்டு, மூன்றாவது தடவை கழற்றினார். குழாயின் பிடிப்பை வால்வில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

பிடிப்பை வால்வில் வைத்தால் மட்டும் போதாது, மேலே இருக்கும் சின்ன நெம்புகோலை மடக்க வேண்டும். மடக்காவிட்டால் காற்று பக்கவாட்டில் சீறிக்கொண்டு வெளியே போகும். அந்தச் சீறல் தெருமுனை வரை கேட்கும். காதடைப்பான் போட்டவருக்குக் கேட்காது. விரலில் காற்று படுவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். தோல் கையுறை போட்டவருக்குப் படாது. குனிந்து பார்த்தால் தெரியும். ஹெல்மெட் காரில் இடிக்கும் என்பதால் அவர் குனியவில்லை. பாதுகாப்பின் இந்த உச்சத்தில் எச்சரிக்கையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"அத்தான், வெளிய போகுது," என்றான் மச்சினன்.

எச்சரிக்கையார் அவனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மனைவி இரண்டு கையையும் ஆட்டினாள். அவரும் பதிலுக்கு ஆட்டினார்.

எம்.டி. அப்போதுதான் போனிலிருந்து தலையெடுத்தார். சக்கரம் ஏன் ஏறவில்லை என்று பார்க்க இரண்டடி முன்னால் வந்து, காரோரமாகக் குந்தினார். கோட்டின் பின்பக்கம் அப்படியே சாக்பீஸ் பொடியின் மேல் உட்கார்ந்தது.

"சார், ஆபத்து எல்லைக்குள்ள வந்துட்டீங்க," என்றான் மச்சினன்.

"என் கம்பெனி மெஷின். எனக்கென்னப்பா எல்லை?"

மச்சினன் அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து போய் அத்தானின் ஒரு பக்கக் காதடைப்பானை, சட்டி மூடியைத் தூக்குவதுபோலத் தூக்கினான்.

"காத்து ஊருக்கெல்லாம் போகுது அத்தான். டயருக்கு மட்டும் போகல. மேல இருக்கிறதை மடக்குங்க."

எச்சரிக்கையார் மடக்கினார். இதையும் நிகழ்ச்சியின் ஓர் அங்கம்போல எம்.டி. பக்கம் திரும்பி, "தவறா மாட்டினா என்ன ஆகும்னு முதல்ல காட்டினேன் சார்," என்றார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

இப்போது சக்கரம் உள்ளபடியே ஏறியது. மெஷின் திரையில் எண் ஏறிக்கொண்டே போய், கதவோரம் ஒட்டியிருந்த அளவுக்கு வந்ததும் அவர் நிறுத்தினார். பிடிப்பை எடுத்தார். மூடியைப் போட்டார். நாலில் ஒன்று முடிந்ததால் கார் ஒரு மூலையை மட்டும் தூக்கிக்கொண்டு, யாரிடமோ சந்தேகம் கேட்பதுபோல நின்றது.

"பரவாயில்லையே," என்று எம்.டி. எழுந்தார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த வீடியோல நாய்தான் நல்லா நடிச்சிருந்துச்சு. நீங்க…"

எச்சரிக்கையார் மூச்சை நிறுத்திக்கொண்டார். எம்.டி. வாக்கியத்தை முடிக்கவில்லை. கோட்டின் பின்பக்கம் கை போயிருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை. தட்டினார். தட்டத் தட்டப் பொடி கருப்புத் துணிக்குள் இன்னும் நன்றாக இறங்கியது. முன்பக்க மடிப்பிலும் ஏறியிருந்தது.

"என்னங்க இது? இன்னும் கொஞ்ச நேரத்துல நான் மேடையில நிக்கணும்."

"கோட்டைக் கழட்டிக் கொடுங்க சார், ஈரத்துணி வெச்சு ஒத்தி எடுத்துடறேன்," என்றாள் மனைவி.

"கழட்டறதெல்லாம் வேண்டாம்," என்றார் எம்.டி. வேகமாக. "இந்த மெஷின்லதான் தூசி ஊதுற மூக்கு ஒண்ணு இருக்கே. அதை மாட்டி, இப்படி ஒரு அடி அடிங்க. நொடியில போயிடும்."



"சார், அது கூடாது," என்றாள் மனைவி. "இவரே எழுதியிருக்காரு. நாலாவது. இப்பத்தானே படிச்சாரு, நீங்ககூட நல்ல பாயிண்ட்டுன்னீங்க."

எம்.டி. அவளைப் பார்க்கவில்லை. எச்சரிக்கையாரைப் பார்த்தார். முதலாளிகள் சம்பளம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கும் பார்வை அது.

"அப்படியா? கூடாதா?"

இந்த இடத்தில் எச்சரிக்கையார் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால், பேக்கிங் ஆளுக்கு அன்று நடத்திய சொற்பொழிவு வெறும் பேச்சாகாமல் நின்றிருக்கும். முக்கோணத்துக்குள் இத்தனை வருஷமாக நிறுத்திவைத்த ஆச்சரியக்குறிகளுக்கெல்லாம் ஓர் அர்த்தம் கிடைத்திருக்கும். அவர் எம்.டி.யின் முகத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குப் பின்னால், வெள்ளைப் பொடிக்கு மேல், ஒரு சுழல் நாற்காலி அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"அது பொதுமக்களுக்கு சார்," என்றார்.

மச்சினன் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எச்சரிக்கையார் பிடிப்பைக் கழற்றிவிட்டு மூக்கை மாட்டினார். இந்தத் தடவை சரியாக மாட்டினார். அவர் அன்றைக்குச் சரியாகச் செய்த இரண்டாவது காரியம் அது. தொட்டியில் காற்று முழு வீச்சில் இருந்தது. வீட்டில் இருந்த ஒரே பாதுகாப்புக் கண்ணாடி அவர் கண்ணில் இருந்தது. அதைக் கழற்றி எம்.டி.க்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கண்ணாடி எச்சரிக்கை இரண்டில் வருகிறது, இயக்குபவருக்கு மட்டும்.

"திரும்புங்க சார்."

எம்.டி. திரும்பினார். எச்சரிக்கையார் மூக்கிலிருந்த விசையை அழுத்தினார். பின்பக்கப் பொடி வெள்ளை மேகமாக எழுந்து, காம்பவுண்டுச் சுவரில் மோதித் திரும்பியது. கோட்டின் வால் கொடிபோலப் பறந்தது.

"போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே எம்.டி. இந்தப் பக்கம் திரும்பினார்.

விசையை விட வேண்டும் என்பது எச்சரிக்கையாருக்குத் தெரியும். தோல் கையுறைக்குள் இருந்த விரலுக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எம்.டி. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, 'ஆபத்து எல்லை' என்ற எழுத்தை மிதித்துக்கொண்டு, காரின் பானெட்டில் போய் மோதினார். எச்சரிக்கையார் செய்வதறியாமல், குழாயைக் கையில் வைத்துக்கொண்டே, "சார், தேய்க்காதீங்க சார். எச்சரிக்கை சார்," என்று அவர் பின்னாலேயே போனார். குழாய் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. மச்சினன் ஓடிப்போய்ப் பேட்டரியை உருவினான். அதன் பிறகும் தொட்டியில் இருந்த மிச்சக் காற்று தீரும் வரை, அவர் மரியாதைக்குக் குறைவில்லாமல் எம்.டி.யின் காதில் ஊதிக்கொண்டிருந்தார்.

"நம்ம கார்லயே கூட்டிட்டுப் போயிடலாம்," என்றார் கடைசியில்.

"எந்தச் சக்கரத்துல போறது அத்தான்?"

மனைவிதான் எம்.டி.யின் தோளைப் பிடித்துத் தோட்டத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். கண்ணை விரித்துப் பிடித்து, மேலே மேலே தண்ணீரை விட்டாள். கோட்டு தொப்பலாக நனைந்ததால் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. உள்ளே சட்டையின் காலரும், கோட்டு திறந்திருக்கும் இடத்தில் தெரியும் ஒரு சாண் முன்பக்கமும் மட்டும் மொடமொடவென்று இஸ்திரி போட்டிருந்தன. மற்ற இடமெல்லாம் சுருட்டி வைத்த பழைய துணி. அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

டிரைவர் வந்ததும் எம்.டி. நேரே கண் டாக்டரிடம் போனார். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, உள்ளே கீறல், கொஞ்ச நாள் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். வியாபாரிகள் கூட்டத்தில் எம்.டி. ஒற்றைக் கண்ணோடு மேடையேறி, 'தொலைநோக்குப் பார்வை' என்ற தலைப்பில் பேசினார்.

மத்தியானம் எச்சரிக்கையார் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதவி போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. வேலையும் போயிற்றா என்பதைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது. அவர் எழுந்து நின்று பேசினார்.

"நாளைக்கு போர்டுல கேப்பாங்க, கண்ணுல என்னன்னு," என்றது எம்.டி.யின் குரல். "நம்ம மெஷினால ஆச்சுன்னு வெளிய போனா ஒண்ணுகூட விக்காது. நானே ஊதச் சொன்னேன்னு தெரிஞ்சா அது இன்னும் அழகு. நீங்க பாதுகாப்பு விஷயம் தெரிஞ்சவரு. ஒரு அறிக்கை எழுதுங்க. காத்து அடிச்சு மண்ணு விழுந்துச்சுன்னு."

"இயற்கைக் காத்துதானே சார்?"

"இயற்கைக் காத்துதான்."

"எழுதிடறேன் சார்."

"உங்களை மாதிரி ஆளுதாங்க அந்தத் துறைக்கு வேணும்," என்று சொல்லிவிட்டு எம்.டி. போனை வைத்தார்.

எச்சரிக்கையார் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, காகிதத்தை எடுத்து, முதல் வரியிலேயே ஒரு முக்கோணம் போட்டார். மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுதுன்னு போடப் போறீங்க?"

அவர் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். "தென்மேற்கு," என்றார்.

"நான் அங்கதானேங்க நின்னுட்டிருந்தேன்? என்மேல காத்தே அடிக்கலையே."

"அப்ப வடகிழக்குன்னு போட்டுடறேன்," என்றார் அவர். அவள் ஏன் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள் என்று அவருக்குப் புரியவில்லை. அது சிரிப்பு இல்லை என்பதும் புரியவில்லை.

வெளியே மச்சினன் பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போட்டு எடுத்து, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் காற்று ஏற்றிக்கொண்டிருந்தான். ஒன்று முடிந்ததும் மெஷின் ஆறட்டும் என்று விட்டுவிட்டு அக்காவோடு காபி குடித்தான். அடுத்ததற்கு எழுந்து போனான். கடைசியில் தொட்டியைத் திறந்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். அவனுக்கு இதிலெல்லாம் பெரிய அறிவு ஒன்றும் கிடையாது. கையேடு வாசலில் பிரிந்து கிடந்தது, காபி வரும் வரை வேறு படிக்க ஒன்றும் இல்லாமல் படித்தான். கம்பெனியின் வரலாற்றில் அந்தக் கையேட்டைக் கடைசி வரை படித்த முதல் வாடிக்கையாளன் அவன்தான். அதற்கும் அவன் காசு கொடுக்கவில்லை.

கிளம்பும்போது, "வரேன் அத்தான். காத்து ஜாஸ்தியா இருக்கு, ஜன்னலைச் சாத்திக்கோங்க," என்றான்.

எச்சரிக்கையார் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அறிக்கை போர்டில் ஏகமனதாக ஏற்கப்பட்டது. விளம்பரப் பிரிவு அம்மணிக்கு நாய்க்குட்டியோடு இன்னொரு வீடியோ எடுக்க அனுமதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வார முடிவிலேயே நியமன உத்தரவு வந்தது. எச்சரிக்கையார் புது டை வாங்கினார். கதவில் பித்தளைப் பலகை மாட்டினார்கள். 'தலைவர், பாதுகாப்புத் துறை'. அவர் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே போய், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அரைச்சுற்று சுற்றிப் பார்த்து, துறை ஊழியர்களை எல்லாம் உடனே வரச் சொல்லி மணியை அடித்தார்.

அந்தத் துறையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.